நாலு தம்ளர் ஈ

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ரோஸ்லின் தலையில் போட்ட முந்தானையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் வீட்டுக்காரம்மா அமிர்தம் காப்பித் தம்ளரை ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தம்ளரை ரோஸ்லின் மூக்குக்கு நேராக நீட்டினாள். காப்பி ஆறி ஏடு கட்டியிருந்தது. ஏட்டின் மேல், எள்ளில் பாதி அளவுக்கு, இரண்டு ஈ ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் பாத்தேன். உள்ள எத்தினி போச்சோ. இது உங்க வூட்டு ஈ."

ஈ மேல் பேர் எழுதியிருக்கிறதா என்று கேட்க ரோஸ்லினுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. முந்தாநாள் அவள் அமிர்தம்மாவிடம் கொடுத்திருந்த ஒரு தாள்தான் அவள் வாயை அடைத்தது.

அந்தத் தாளில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தோணிசாமி, அவர் மனைவி ரோஸ்லின், மகள் சுவேதா மூன்று பேரும் பாகூரில் என் வீட்டுப் பின்கட்டில் ஐந்து வருஷமாகக் குடியிருக்கிறார்கள் என்று நாலு வரி. கீழே வீட்டுக்காரர் கையெழுத்துப் போட ஒரு கோடு. சுவேதா பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சிங் படிக்க மனு போடுகிறாள். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடத்தில் அவள் பேர் வர வேண்டுமென்றால் குடியிருப்புச் சான்று வேண்டும். சான்று வேண்டுமென்றால் இந்தத் தாள் வி.ஏ.ஓ. கைக்குப் போக வேண்டும். அடுத்த திங்கட்கிழமைக்குள் கொண்டு வாருங்கள், அதற்குப் பிறகு வந்து என்னிடம் அழுதால் நான் பொறுப்பில்லை என்று அவர் சொல்லிவிட்டார். ரோஸ்லின் பிறந்த ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலூர் மாவட்டம். பஸ்ஸில் அரை மணி. அந்த அரை மணி தாளில் ஏறினால் வேறு மாநிலம்.

"அந்தக் கையெழுத்து..." என்று ரோஸ்லின் இழுத்தாள்.

"போட மாட்டேன்னா சொன்னேன்? இந்த ஈ போவட்டும், அன்னிக்குப் போடறேன். போவலன்னா கையெழுத்தும் கெடையாது, நீங்க வேற வூடு பாத்துக்குங்க. மீனு, நண்டுன்னு வாரத்துல நாலு நாளு நாறடிச்சா ஈ வராம மயிலா வரும்? நீங்கள்லாம் அப்படியே பழகிட்டீங்க."

சொல்லிவிட்டுக் காப்பியை வாசலோரம் கொட்டி, தம்ளரை உதறிக்கொண்டு முன்கட்டுக்குப் போனாள்.

நீங்கள்லாம். இந்த ஒரு வார்த்தையை ஐந்து வருஷமாக ரோஸ்லின் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீங்கள்லாம் சீக்கிரம் சமைச்சிடுவீங்க. நீங்கள்லாம் பொம்பளப் புள்ளய வேலைக்கு அனுப்பிடுவீங்க. நீங்கள்லாம் என்றால் யார் என்று அமிர்தம்மா ஒருநாளும் சொன்னதில்லை. யாரம்மா என்று ரோஸ்லினும் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் அமிர்தம்மாவும் மீன் தின்கிறவள்தான். மீன்காரி தெருவில் கூடையை இறக்கினால் முதலில் கை விடுகிறவள் அவள். அவள் வீட்டில் மீன் கழுவின தண்ணீர் சாக்கடையில் ஓடினால் அது தண்ணீர். ரோஸ்லின் வீட்டிலிருந்து ஓடினால் நாற்றம். அதையும் பொறுத்துக்கொண்டு ரோஸ்லின் மூன்று வாரமாக மீன் வாங்குவதையே விட்டுவிட்டாள். அந்தோணிசாமி கடலோரத்துக்காரன், தவளக்குப்பத்தில் வெல்டிங் பட்டறையில் வேலை. மத்தியானம் டப்பாவைத் திறந்து கத்திரிக்காயைப் பார்த்துவிட்டு, எனக்கு என்ன ஜுரமா என்று போன் போட்டுக் கேட்பான்.

மீன் நின்றது. ஈ நிற்கவில்லை. அதுதான் ரோஸ்லினுக்கு எரிந்தது.

அவள் செய்யாத வேலை பாக்கியில்லை. குப்பைக் கூடையைத் தினமும் கழுவிக் கவிழ்த்தாள். சாக்கடைக் குழியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினாள். வேப்பிலையை எரித்துப் புகை போட்டதில் சுவேதாதான் இருமினாள், ஈ இருமவில்லை. கற்பூரத்தைத் தட்டில் வைத்தாள். அடுப்படித் துணியைத் துவைத்துத் துவைத்து அது நூலாகிவிட்டது. வாழைப்பழச் சீப்பை எவர்சில்வர் டிரம்மில் போட்டு மூடினாள். ஒரு பழம் கொஞ்சம் கறுத்தாலும் சரி, மாங்காய்த் தோல் ஒரு கீற்று மிஞ்சினாலும் சரி, ஒரு நிமிஷம் வீட்டில் வைக்காமல் எடுத்துக்கொண்டுபோய்ச் சந்தில் இருந்த கழனித் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

கழனித் தொட்டி என்றால் நீல பிளாஸ்டிக் டிரம்மைக் குறுக்கே அறுத்த பாதி. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், பழத்தோல், மாட்டுக்கு ஆகிற எல்லாமும் அதில்தான் சேர வேண்டும். குடிவந்த அன்றைக்கே அமிர்தம்மா போட்ட சட்டம் அது. அவள் பசு லட்சுமிக்காக. பொங்கல் முடிந்து லட்சுமியை விற்றாயிற்று. மாட்டுக் கொட்டகையில் இப்போது அந்தோணிசாமியின் பைக் நிற்கிறது. ஆனாலும் சட்டம் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பால்காரர் சிங்காரவேலு மொபெட்டில் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு வந்து, தன் மாடுகளுக்கு மொண்டுகொண்டு போவார். மேலாக மொள்ளலாம். அடி வரைக்கும் போகக் கூடாது. ஒரு சாண் எப்போதும் நிற்க வேண்டும். கழனித் தொட்டி காய்ந்தால் அந்த வீட்டில் மாடு தங்காது என்பது அமிர்தம்மாவின் நம்பிக்கை. ஆடியில் இன்னொரு மாடு பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாடு போன பிறகும் நம்பிக்கை மட்டும் தொட்டியின் அடியில் தங்கியிருந்தது.

மறுநாள் காலை கம்பெனி வேனில் ஏறினபோதும் அந்தக் காப்பி ஏடுதான் ரோஸ்லின் கண்ணில் நின்றது. அவள் வேலை திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில். பேக்கிங் ஹாலில் உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கித் தள்ள வேண்டும். ஹாலின் நாலு கதவுக்குப் பக்கத்திலும் நீல விளக்குப் பெட்டி மாட்டியிருக்கும். உள்ளே பசைத்தாள். விளக்கைத் தேடி வருகிற ஈ அதில் ஒட்டிக்கொள்ளும். காலையில் சூப்பர்வைசர் தணிகைவேல் அந்தத் தாளை உருவி, எத்தனை ஈ என்று எண்ணி, சுவரில் மாட்டியிருக்கிற அட்டையில் எழுதுவான். ஆறு வருஷமாக ரோஸ்லின் அதைப் பார்க்கிறாள். செத்த ஈயை எண்ணுவதற்கு ஒரு சம்பளமா என்று பெண்கள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

அன்றைக்குச் சிரிக்கவில்லை. டீ நேரத்தில் தணிகைவேலிடம் போய், தம்பி, இதை எதுக்கு எண்ணுறீங்க என்று கேட்டாள். அவன் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து அட்டையைத் தட்டிக் காட்டினான். மூன்றாம் கதவில் போன மாதம் ஒரே வாரத்தில் நாலு மடங்கு ஏறியிருந்தது. போய்ப் பார்த்தால், அந்தக் கதவுக்கு வெளியே கேன்டீன்காரர்கள் பழத்தோல் போடுகிற தகர டின்னைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். டின்னை நகர்த்தினதும் எண்ணிக்கை இறங்கிவிட்டது.

வீட்டில் ஈ இருப்பதை ரோஸ்லின் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"அது ஃப்ரூட் ஃப்ளை, அக்கா. பழ ஈ. மீனுக்கு வராது, புளிச்சதுக்குத்தான் வரும். பறக்கற எடத்துல அது பொறக்கறதில்ல, அத தெரிஞ்சிக்கோங்க. நாலு எடத்துல தம்ளர் வைங்க. எதுல அதிகமா வுழுதுன்னு எண்ணுங்க."

மீனுக்கு வராது. அந்த ஒரு சொல்லை ரோஸ்லின் சாயங்காலம் வரைக்கும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

வேனை விட்டு இறங்கினதும் மாலிக் பாய் மளிகையில் வினிகர் கேட்டாள். அவர் மேல் தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு பாட்டில் எடுத்தார். ஃப்ரைடு ரைஸ் வண்டிக்காரங்கதான் இத வாங்குவாங்க, நீங்களும் வண்டி போடப் போறீங்களா என்று கேட்டார். ஈக்கு என்றாள். அவர் பாட்டிலைத் துடைத்துக் கொடுத்தார். வீட்டில் அந்தோணிசாமி பாட்டிலை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"இதுக்கு எதுக்கு அலையற ரோசு. பாண்டிச்சேரி ஈ. கொஞ்சம் பீர ஊத்தினா தானா தேடி வரும்."

"ஈக்கு ஊத்தற அளவுக்கு நீ எப்ப மிச்சம் வெச்ச?" என்றாள் ரோஸ்லின். சுவேதா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

தம்ளரில் இரண்டு விரல் வினிகர், ஒரு ஸ்பூன் சர்க்கரை, பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இருந்தால்தான் ஈ மிதக்காமல் முழுகும் என்று தணிகைவேல் சொல்லியிருந்தான். மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து ரப்பர் பேண்டு போட்டு, ஊசியால் ஏழெட்டு ஓட்டை. நாலு தம்ளர் அப்படித் தயார் செய்தார்கள். ஒன்று அடுப்புப் பக்கம். ஒன்று குளியலறையில். ஒன்று வாழைப்பழ டிரம்முக்குப் பக்கத்தில். ஒன்று அடுப்படிச் சன்னலில்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எண்ணினார்கள். டீ வடிகட்டியில் ஊற்றி, வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி ரோஸ்லின் எண்ண, சுவேதா பழைய மாடல் பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அடுப்பு, ஏழு. குளியலறை, மூன்று. பழ டிரம், பதினொன்று. சன்னல், எண்பத்தாறு.

"மா," என்றாள் சுவேதா, "நம்ம வூட்டுல பொறக்கல மா. சன்னல் வழியா வருது."

சன்னலுக்கு அந்தப் பக்கம் சந்து. சந்தில் வேறு ஒன்றும் கிடையாது. சன்னலுக்கு நேர் கீழே, ஆஸ்பெஸ்டாஸ் துண்டு போட்டு மூடின கழனித் தொட்டி மட்டும்தான்.

அப்போதும் ரோஸ்லினுக்கு அதைச் சந்தேகப்பட மனசு வரவில்லை. மாட்டுக்கு வைக்கிறது எப்படி அசிங்கமாகும்? அவள் ஊரிலும் கழனிப் பானையை யாரும் குப்பை என்று நினைத்ததில்லை. குப்பை வேறு, கழனி வேறு. எதற்கும் இருக்கட்டும் என்று தொட்டிக்கு மேலே மதில் விளிம்பில் ஐந்தாவதாக ஒரு தம்ளர் வைத்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் அதை எண்ண ஆரம்பித்து, இருநூறு வந்ததும் ஈர்க்குச்சியைக் கீழே போட்டுவிட்டாள்.

போய் ஆஸ்பெஸ்டாஸ் துண்டைத் தூக்கினாள். கறுப்பாக ஒரு புகை எழுந்து அவள் முகத்தில் மோதியது. புகை இல்லை, அத்தனையும் ஈ. உள்ளே மாங்கொட்டையும் மாம்பழத் தோலும் நுரைத்துக் கிடந்தன. வில்லியனூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் மருமகன் அமிர்தம்மாவுக்குக் கூடை கூடையாக அனுப்பின பழம். அதற்கு மேலே, இன்னும் முழுகாமல், ரோஸ்லின் காலையில் கொண்டுவந்து போட்ட கறுத்த வாழைப்பழம் இரண்டு. அவற்றின் மேல் ஈ அப்பிக்கொண்டு பழம் தெரியவில்லை.

மூடியைப் போட்டுவிட்டு அவள் சந்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். மூன்று வாரம். வீட்டைத் துடைக்கத் துடைக்க, வீட்டிலிருந்த பழத்தையெல்லாம் தன் கையாலேயே தன் சன்னலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். ஈயை விரட்டுகிறேன் என்று ஈக்குச் சோறு போட்டிருக்கிறாள். அமிர்தம்மா மேல் வந்த கோபம் போதாதென்று தன் மேலேயும் வந்தது.

அந்தக் கோபத்தோடேயே முன்கட்டுக்குப் போனாள். சத்தம் போடவில்லை. அட்டையில் எழுதுகிற மாதிரி சுவேதா எழுதின தாளைக் காட்டி, எந்தத் தம்ளரில் எத்தனை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தொட்டியை ஒருதரம் அடியோடு காலி செய்து கழுவிவிட்டால் போதும், நானே கழுவித் தருகிறேன் என்றும் சொன்னாள்.

அமிர்தம்மா டி.வி. சத்தத்தைக் குறைக்காமலே கேட்டாள். ஈயை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாட்டுக் கழனில ஈயா? அது மகாலட்சுமிம்மா. முப்பது வருசமா அந்த எடத்துல தொட்டி இருக்குது, எனக்கு வராத ஈ உனக்கு வருதா? மீன் தலைய நறுக்கற கையால என் தொட்டிய தொடாத. அத கவுத்துட்டு நான் எப்படி இன்னொரு மாடு பிடிப்பேன்? நீங்கள்லாம் மாடு வெச்சிருந்தா தெரியும்."

கையெழுத்து என்ற பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை. தாள் காலண்டருக்குப் பின்னால் செருகி இருந்தது. ரோஸ்லின் அதை நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். கை நீட்டினால் எட்டும். ஆனால் கையெழுத்து இல்லாத தாளை எடுத்து என்ன செய்வது.

அந்தோணிசாமிக்குச் சண்டை பிடிக்காது. திங்கட்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இரு, அவங்க சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போடு, தாள் கைக்கு வந்த பிறகு எது வேண்டுமானாலும் பேசிக்கொள் என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. நான் பொய் சொல்லி வாங்குகிறேனா? இருந்த வீட்டில் இருந்தேன் என்று எழுதித் தரக் கேட்டால், அதற்கு நான் ஈ பிடித்துக் கொடுக்க வேண்டுமா? வெள்ளிக்கிழமை முழுக்க இதையே பிஸ்கட்டோடு சேர்த்து மென்றாள். உடையாத நாலு பிஸ்கட்டை உடைந்ததில் தள்ளிவிட்டாள் என்று தணிகைவேல் வந்து எடுத்துக் காட்டினான்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஒன்று மட்டும் செய்தாள். தன் வீட்டுத் தோலையும் பழத்தையும் தொட்டியில் போடுவதை நிறுத்தி, பையில் இறுக்கிக் கட்டி, வேனுக்குப் போகும் வழியில் குப்பை வண்டியில் போட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் அதையும் அமிர்தம்மா கண்டுபிடித்துவிட்டாள். வாயில்லா ஜீவனுக்குப் போறதையும் தடுத்துட்டாங்க என்று மதிலுக்கு அந்தப் பக்கம் யாரிடமோ சொல்வது கேட்டது. அப்போதும் கேட்டுப் பார்த்தாள் ரோஸ்லின், அம்மா, நாளை மறுநாள் திங்கட்கிழமை என்று. ஈ இன்னும் பறக்குதே என்று பதில் வந்தது.

சுவேதா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வருஷம் சும்மா இருந்துட்டு அடுத்த வருஷம் போடறேன் மா என்று சொன்னாள். சண்டை வேண்டாம் என்பதற்காகச் சொன்னாள் என்று ரோஸ்லினுக்குத் தெரிந்தது. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்த பெண்களில் எத்தனை பேர் மறுபடி படிக்கப் போனார்கள் என்பதும் தெரியும். அவளே அப்படி உட்கார்ந்தவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தாயும் மகளும் வாய்க்கால் ஓரமாக நடந்து வந்தார்கள். தெருமுனைக்குக் கொஞ்சம் முன்னால் மொபெட் ஒன்று சாய்த்து நிறுத்தியிருந்தது. சிங்காரவேலு கேனைத் தூக்கி வாய்க்காலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நுரையோடு மாங்கொட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்து மிதந்து போயின. ரோஸ்லின் நின்றுவிட்டாள்.

இன்னாண்ணே இது என்று கேட்டதும் அவர் திருடினவர் மாதிரி கேனைக் கீழே வைத்தார். யாரிடமும் சொல்லாதே என்றுதான் ஆரம்பித்தார். இரண்டு மாதமாக அந்தக் கழனியை அவர் மாடுகள் குடிப்பதில்லை. புளித்துப் போனது மட்டும் இல்லை, அதில் ஏதோ நெளிகிறது. வேண்டாம் என்று சொன்னால் அமிர்தக்காவின் வாய்க்கு யார் பதில் சொல்வது. அதனால் வாரா வாரம் மொண்டுகொண்டு வந்து இங்கே கொட்டிவிட்டு, நல்லா குடிச்சிதுக்கா என்று சொல்லிவிடுகிறார்.

 ரோஸ்லின் வீட்டில் நாலு வாரமாக மீன் இல்லை. அவள் மகள் ஒரு வருஷத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறாள். எல்லாம் ஒரு மாடும் குடிக்காத கழனிக்காக.

"அண்ணே, எங்கூட வாங்க. இப்ப எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லுங்க."

"ஐயோ, என்ன வுட்டுடும்மா."

"இந்தப் புள்ள படிப்பு அதுல மாட்டிக்கினு இருக்குதுண்ணே. சண்டை நான் போட்டுக்கறேன். நீங்க உண்மைய மட்டும் சொல்லிட்டு வண்டியை எடுத்துக்கினு போயிடுங்க."

அவர் சுவேதாவைப் பார்த்தார். காலி கேன் இரண்டையும் கட்டிக்கொண்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தார்.

அமிர்தம்மா சந்தில்தான் நின்றிருந்தாள். மாம்பழத் தோல் நிறைந்த முறத்தைத் தொட்டியில் தட்டப் போனவள், சிங்காரவேலு திரும்பி வருவதைப் பார்த்து, இன்னாடா மறந்துட்டே என்றாள். அவர் மொபெட்டை விட்டுக் கை எடுக்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"யக்கா, கோவிச்சிக்காத. மாடு இத மோந்துகூட பாக்கல. ரெண்டு மாசமா வாய்க்கால்லதான் ஊத்தறேன்."

"ரெண்டு மாசமாவா?"

"நீ ஏசுவியேன்னு சொல்லல."

அமிர்தம்மா கையில் முறம் அப்படியே நின்றது. ஒரு கணம் ரோஸ்லினுக்கே பாவமாக இருந்தது. தோலைத் தோலாகச் சேர்த்து, ஒரு கீற்று வீணாகாமல், விற்ற மாட்டை நினைத்துக்கொண்டே கொண்டுவந்து கொட்டினவள். ஆனால் அந்தப் பாவம் நிற்கவில்லை, அடுத்த கணமே அமிர்தம்மா சிங்காரவேலுவைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லி ஏமாற்றினான், இவன் பாலில் எவ்வளவு தண்ணீர் கலப்பான் என்று யாருக்குத் தெரியும், இவனால்தான் தொட்டியில் ஈ வந்திருக்கிறது. ரோஸ்லின் ஆஸ்பெஸ்டாஸ் துண்டைத் தூக்கி மதிலில் சாய்த்து வைத்தாள், அவ்வளவுதான். கறுப்புப் புகை எழுந்தது. அமிர்தம்மா நெற்றி விபூதியில், மூக்குத்தியில், உதட்டில் எல்லாம் உட்கார்ந்தது. துப்பினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். 

"சாய்டா அத," என்றாள் கடைசியில், அடங்கின குரலில்.

சிங்காரவேலு தொட்டியைச் சாய்த்தார். அடியில் இருந்த ஒரு சாண் கூழ் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. தொட்டியின் உள்சுவர் முழுக்கச் சோம்பு ஒட்டினது போலப் பழுப்பாகப் புழுக்கூடு. அடியில் வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. சுவேதா மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். நாற்றம் முன்கட்டு வரைக்கும் போனது. யாரும் மீன் என்று சொல்லவில்லை.

அமிர்தம்மா திரும்பினாள். குரல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

"ரோஸ்லினு, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சிக் கழுவிட்றியா?"

"நான் கழுவ மாட்டேம்மா."

ஐந்து வருஷத்தில் அந்தச் சந்தில் ரோஸ்லின் சொன்ன முதல் மாட்டேன் அது. வியாழக்கிழமை அவளே கழுவித் தருகிறேன் என்று போய் நின்றாள். அன்றைக்கு அந்தக் கை மீன் தலை நறுக்குகிற கை.

"மீன் நறுக்கற கை தொட்டியத் தொடக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அந்தக் கைதான் இது. எனக்கு என் தாளுல கையெழுத்து வேணும்."

"ஈ இன்னும் பறந்துக்கினுதானே இருக்குது," என்றாள் அமிர்தம்மா. முகத்தில் உட்கார்ந்த ஒன்றைத் தட்டிக்கொண்டேதான் சொன்னாள்.

"பறக்கட்டும்மா. ஈ அஞ்சு வருசம் குடியிருந்துச்சின்னு நான் எழுதிக் கேக்கல. நாங்க குடியிருந்தோம். இருந்தமா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க. அப்பறம் இன்னொன்னு. நீங்கள்லாம், நீங்கள்லாம்னு சொல்றீங்களே, அது யாருன்னும் இன்னிக்குச் சொல்லிடுங்க. என் பொண்ணு நிக்கிறா, அவளும் கேக்கட்டும்."

அமிர்தம்மா வாயைத் திறந்தாள். சுவேதாவைப் பார்த்தாள். பூசைக்குப் போட்ட பாவாடை தாவணியோடு, மூக்கைப் பொத்தின கையை எடுத்துவிட்டு, அவள் நேராக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல அமிர்தம்மாவால் முடியவில்லை. தெரியாமல் இல்லை. சந்தில், பகலில், ஒரு பெண்பிள்ளை முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

சிங்காரவேலுதான் பயந்துபோய் முந்திக்கொண்டார். "இருந்தாங்கக்கா. நான்தான் வாரா வாரம் பாக்கறனே."

"உன்ன யாருடா கேட்டா," என்று சொல்லிவிட்டு அமிர்தம்மா உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் என்று ரோஸ்லின் காத்திருந்தாள். கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, தாளோடு வந்தாள். பேனா எழுதவில்லை. சுவேதா ஓடிப்போய்த் தன் பேனாவைக் கொண்டுவந்தாள். மொபெட் சீட்டின் மேல் தாளை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அமிர்தம் என்று எழுதினாள். கடைசிப் புள்ளியை வைக்க மறந்து, தாளைக் கொடுக்கப் போனவள் மறுபடி இழுத்து அதையும் வைத்தாள்.

"மீனு மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள்.

ரோஸ்லின் தாளை மடித்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். அமிர்தம்மா முறத்தை எடுத்துக்கொண்டாள். மன்னிப்பு என்று ஒன்றும் வரவில்லை. வரும் என்று ரோஸ்லின் எதிர்பார்க்கவும் இல்லை. மொபெட் எப்போது கிளம்பினது என்றே யாருக்கும் தெரியவில்லை.

தாளை பைபிளுக்குள் வைத்துவிட்டு அந்தோணிசாமியை மீன் வாங்க அனுப்பினாள். அவன் இரண்டாம் பேச்சுப் பேசாமல் பைக்கை எடுத்தான். நல்ல சங்கரா கிடைத்தது. மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவி, கல்லைச் சூடேற்றி, நாலு துண்டை எண்ணெயில் போட்டாள். ஈ வருகிற வழி தெரிந்த நாளிலிருந்து அடுப்படிச் சன்னலை ஒருக்களித்தே வைத்திருந்தாள். இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டாள். தொட்டியைச் சாய்த்த பிறகு சன்னல் தம்ளரில் ஐந்தோ ஆறோதான் விழுந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் விழும், அப்புறம் நின்றுவிடும்.

வாசனை சந்தில் இறங்கிப் போனது. கீழே சந்தில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தமும், பிளாஸ்டிக்கில் தேங்காய் நாரை வைத்துப் பரட் பரட்டென்று தேய்க்கிற சத்தமும் கேட்டன. நடுநடுவே அமிர்தம்மா மூச்சு வாங்குவதும் கேட்டது. முழங்கால் வலிக்காரி, குனிந்து தேய்க்க முடியாது.

ரோஸ்லின் எட்டிப் பார்க்கவில்லை. மீனைத் திருப்பிப் போட்டாள்.